இரண்டாவது இழுப்பு

— அந்த ஒரு பக்கத்த மட்டும் எடுத்துருங்க டீச்சர். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு.

— எந்தப் பக்கம் அண்ணாச்சி? நான் இன்னும் பாதிகூட வாசிச்சுக் காட்டலையே.

— கயிறு இழுக்க வெளையாட்டு போட்டிருக்கீங்கல்லா, அது.

— நாப்பத்திரெண்டாம் பக்கம். அதை எடுத்தா புத்தகத்துல என்ன மிச்சம் இருக்கும்? பாம்பன் பாலத்தைக் கட்டுன கதையைப் பத்து வயசுப் பிள்ளைக்குச் சொல்லுறேன். நடுவுல திறக்குற பாலம், கீழ கப்பல், மேல ரயிலுன்னா வாய் பிளந்து கேக்கும். ஆனா எந்திரிச்சு நின்னு கையைக் காலை ஆட்டி விளையாடுறதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணுதான் இருக்கு.

— வேற வெளையாட்டு போடுங்க. தீப்பெட்டிய அடுக்கிப் பாலம் கட்டச் சொல்லுங்க.

— அது பதினேழாம் பக்கத்துல இருக்கு.

— ஆமா, எல்லாத்துக்கும் ஒரு பக்கம் வச்சிருப்பீங்க.

— சலேத்தக்கா, கொஞ்சம் வெளிய வாங்களேன். உங்க தம்பி என்னைப் பேசவே விட மாட்டேங்காரு.

— அவன் அப்படித்தான் டீச்சர். பாம்பன்னு காதுல விழுந்தா மூஞ்சத் திருப்பிக்கிடுவான். பத்து வருசமா இதே கததான். குசினியெல்லாம் புகையா கெடக்கு, நீங்க அங்கனயே உக்காருங்க. இந்தச் சாளைய அரிஞ்சு போட்டுட்டு வாரேன். காது இங்கனதான் இருக்கு.

— நீ ஏங்க்கா இடையில வார? மீனப் பாரு.

— என் வீட்டுல நான் பேசக் கூடாதாக்கும். என் புருசன் பேரு போட்ட புத்தகம்லே அது.

— அதுக்குத்தான் வந்தேன் அக்கா. திங்கக்கிழமை காலையில அச்சாபீசுக்குக் கொடுத்தாகணும். அச்சாயிட்டா நம்ம ஊருல மட்டும் இல்ல, நாசரேத்து, சாத்தான்குளம், திருச்செந்தூருன்னு எத்தனையோ பள்ளிக்கூடத்துக்குப் போயிரும். ஒருத்தர் பேரைப் போட்டா அவங்க வீட்டாளுககிட்ட முதல்ல வாசிச்சுக் காட்டணும். நீங்க சரின்னு சொன்னாத்தான் போடுவேன்.

— வாசிச்சாச்சு, புடிக்கல. எந்திரிங்க, நான் சைக்கிள்ல பஸ்ஸுக்குக் கொண்டு விடுதேன்.

— கஸ்பார் அண்ணாச்சி, உங்களுக்கு ஹார்பர் கேட்டுல இன்னைக்கு வேலை இல்லையா?

— ஞாயித்துக்கிழம எனக்கு லீவு. ஞாயித்துக்கிழம அக்கா வீட்டுச் சோறு. அது கெடக்கட்டும், நீங்க வாசிச்சுத்தான் தீருவீங்கன்னா வாசிங்க.

— கேளுங்க. “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு, டிசம்பர் மாதம். பெரும்புயல் அடித்தது. கடல் எழுந்து வந்து பாலத்தின் மேல் விழுந்தது. தூண்கள் நின்றன. ஆனால் தூணுக்குத் தூண் கிடந்த இரும்பு உத்தரங்கள் நூற்றுக்கு மேல் கடலுக்குள் போய்விட்டன. புதிதாகச் செய்யக் காலம் இல்லை. விழுந்ததையே தூக்கிக் கட்டுவோம் என்று முடிவு செய்தார்கள்.”

— உத்தரமாவது. நாங்க கர்டருன்னுதான் சொன்னோம்.

— பிள்ளைங்களுக்கு வீட்டு உத்தரம் தெரியும் அண்ணாச்சி, கர்டர் தெரியாதே. மேல கேளுங்க. “தண்ணீருக்கு அடியில் கிடக்கும் இரும்பை எப்படித் தூக்குவது? முதலில் ஒருவர் கீழே போக வேண்டும். இரும்புக்கு அடியில் கம்பிவடத்தைக் கோத்துவிட வேண்டும். பிறகு மேலே மிதவையில் இருக்கும் விஞ்சு என்னும் எந்திரம் அதை இழுக்கும். அந்த வேலைக்குத் தூத்துக்குடியிலிருந்து முத்துக் குளிக்கிறவர்கள் போனார்கள். அவர்களுக்குக் கடலடி வீட்டு முற்றம் போல.”

— முற்றமாம்! யாரு சொன்னா உங்களுக்கு? முத்துக் குளிக்குத பார்ல தண்ணி கண்ணாடியா கெடக்கும், அடியில கெடக்க சிப்பி மேல இருந்தே தெரியும். பாம்பன்ல ஆழம் கம்மிதான், மூணு ஆளு ஒசரம்தான் இருக்கும், ஆனா தண்ணி நிக்காது. ஓடிக்கிட்டே இருக்கும். எறங்குன ஆள அப்படியே பக்கவாட்டுல இழுத்துட்டுப் போவும். கலங்கலு வேற. தன் கையத் தானே பாக்க முடியாது. தடவிப் பாத்துத்தான் வடத்தக் கோக்கணும்.

— இதைத்தான் அண்ணாச்சி எனக்கு யாரும் சொல்லல! இருங்க, எழுதிக்கிறேன். தடவிப் பாத்து... இப்படிச் சொல்லிக்கிட்டே இருங்க, நான் எதையும் எடுக்க வேண்டாம், நீங்க சொல்லச் சொல்ல சேத்துக்கிட்டே போறேன்.

— நான் ஒண்ணும் சொல்லல.

— சொல்லுலே. நல்லாத்தான சொல்லுத.

— அக்கா!

— சரி, நானே வாசிக்கிறேன். “அப்படிக் கீழே போனவர்களில் ஒருவர் சந்தியாகு. அவர் இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே நின்று பிடித்தவர் அவர் மனைவியின் தம்பி கஸ்பார். முத்துக் குளிக்கிறவர்களின் வழக்கம் அது. குளிக்கிறவனின் கயிற்றை அவன் மனைவியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். ஏன் தெரியுமா? தன் அக்காள் தாலி அறுவதை எந்தத் தம்பியும் விரும்ப மாட்டான் அல்லவா?”

— அந்த வரி...

— என்ன அக்கா?

— ஒண்ணும் இல்ல. வாசிங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாவ.

— இதுதான் நாப்பத்திரெண்டாம் பக்கம். “கீழே இருப்பவர் பேச முடியாது. ஆகவே கயிற்றால் பேசினார்கள். ஒரு முறை இழுத்தால், ‘வடத்தைக் கோத்துவிட்டேன், விலகி நிற்கிறேன், இரும்பைத் தூக்கு’ என்று அர்த்தம். இரண்டு முறை இழுத்தால், ‘இரும்பைத் தொடாதே, என்னைத் தூக்கு’ என்று அர்த்தம். ஒரு நாள் சந்தியாகு இதை மறந்துவிட்டார். இரண்டு முறை இழுக்க வேண்டிய நேரத்தில் ஒரு முறை இழுத்தார். மேலே விஞ்சு ஓடியது. பாதி கோத்த வடத்திலிருந்து இரும்பு வழுக்கி அவர் மேல் விழுந்தது. குழந்தைகளே, ஒரு சின்ன மறதி...”

— அவிய மறக்கல.

— அக்கா, மீனப் பாரு.

— மீன் அரிஞ்சாச்சு. அவிய மறக்கலன்னு சொல்லுதேன்.

— நான் இட்டுக்கட்டி எழுதல சலேத்தக்கா. அந்தக் காண்ட்ராக்டர் உங்களுக்குக் கொடுத்த கடுதாசியில அப்படித்தான் இருக்கு. ‘குளியாள் தவறான சைகை கொடுத்தமையால் நேர்ந்த விபத்து’ன்னு.

— அந்தக் கடுதாசி என் டிரங்குப் பெட்டியில கெடக்கு. அது எப்படி உங்க கைக்கு வந்துச்சு?

— உங்க மக அமலிதான் கொண்டு வந்து காட்டுனா.

— அமலியா? அவ எதுக்குப் பெட்டியத் தொறந்தா?

— அதைத் திட்டாதீங்க. நான் சொல்லுறேன். பாலத்துப் பாடம் எழுத ஆரம்பிச்சதும் வகுப்புல கேட்டேன், உங்க வீட்டுல யாராவது பாம்பன்ல வேலை பாத்தாங்களான்னு. அமலி ஒருத்திதான் கையத் தூக்குனா. மறுநாள் நாலா மடிச்ச கடுதாசியைக் கொண்டு வந்துட்டா. எழுத்துக் கூட்டி எப்பவோ வாசிச்சு வச்சிருக்கா.

— டீச்சர், ஒண்ணு செய்யுங்க. பேர எடுத்துருங்க. ‘ஒரு ஆளு’ன்னு போடுங்க. சந்தியாகுன்னு வேண்டாம், கஸ்பாருன்னும் வேண்டாம். யாரோ ஒரு ஆளு எறங்குனான், யாரோ ஒருத்தன் புடிச்சான். அப்படிப் போட்டா எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல.

— செய்யலாம். அது ஒண்ணும் கஷ்டம் இல்ல. உங்க அத்தானுக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னு நெனைக்கிறீங்க, எனக்குப் புரியுது. மறதி எல்லாருக்கும் வருறதுதான, அதுல வெக்கப்பட என்ன இருக்கு...

— ஆமா. அதான். பேரு வேண்டாம். அத்தோட முடிச்சிருவோம்.

— பேரு இருக்கணும் டீச்சர். அவியளுக்குக் கல்லறையில போட்ட பேரத் தவிர வேற எங்க இருக்கு? அந்தப் பாலத்துல போட்டிருக்கா? அது வழியா ராமேஸ்வரம் போறவன் எவனுக்காவது தெரியுமா?

— அக்கா, நீ சும்மா இரு! பேரு வேணுமாம் பேரு. பேரு இருந்தா மறந்துட்டான்னு சேத்துத்தான போடுவாக? உன் மக பள்ளிக்கூடத்துல அதையா வாசிக்கணும்?

— அவ ஏற்கெனவே வாசிச்சுட்டா அண்ணாச்சி.

— என்னது?

— போன வாரம் வகுப்புல இந்த விளையாட்டை விளையாடிப் பாத்தோம், சரியா வருதான்னு. ரெண்டு ரெண்டு பேரா நிறுத்துனேன். அமலி மட்டும் பெஞ்சியை விட்டு எந்திரிக்கல. ஏன்மான்னு கேட்டேன். ‘எங்கப்பாவுக்கு மறதி டீச்சர். எனக்கும் மறந்துரும். நான் இழுத்தா யாராவது செத்துருவாங்க’ன்னா.

— அப்படியா சொன்னா?

— அப்படியேதான் சொன்னா. ரெண்டு மாசமா வாய்ப்பாடு கூட ஒழுங்கா ஒப்பிக்க மாட்டேங்கா. கேட்டா, மறந்துட்டேங்கா. நல்லாப் படிக்கிற பிள்ளை.

— சேசுவே.

— அழாதீங்க சலேத்தக்கா. அதனாலதான் நானே நேர்ல வந்தேன். எழுதுனது தப்புன்னா எது சரின்னு எனக்குத் தெரியணும். அமலி பிறக்குறதுக்கு முன்னாலயே அவர் போயிட்டாரு. கீழ இருந்த ஆளைக் கேக்க முடியாது. மேல கயிறு பிடிச்ச ஆளு இங்கதான் உக்காந்திருக்காரு.

— நான் என்ன சொல்ல? பத்து வருசத்துக் கத. எனக்கு என்ன ஞாவகம் இருக்கு.

— சரி. அந்த நாளைப் பத்திச் சொல்ல வேண்டாம். விளையாட்டாவது சரியா எழுதியிருக்கேனான்னு பாத்துச் சொல்லுங்க. இந்தாங்க, வகுப்புல வச்சு விளையாடுன கயிறு. இந்த நுனியைப் பிடிங்க. நான் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு இழுக்குறேன். ஒண்ணு இழுத்தா வலது கை, இரும்பைத் தூக்கு. ரெண்டு இழுத்தா இடது கை, என்னைத் தூக்கு.

— நான் கயிறு புடிக்கது இல்ல டீச்சர்.

— இது சணல் கயிறு அண்ணாச்சி, பிள்ளைங்க விளையாடுறது.

— அவன் கெணத்துக் கயித்தக்கூடத் தொடமாட்டான். இங்க வந்தாம்னா தண்ணி நாந்தான் எறச்சுக் குடுக்கணும். ஏலே கஸ்பார், புடி.

— வேண்டாங்க்கா.

— புடிலே. அமலிக்காகப் புடி.

— ...சரி. குடுங்க. எங்க நிக்கணும்?

— அங்கனயே நில்லுங்க. கண்ணை மூடிக்கோங்க, பிள்ளைங்க அப்படித்தான் விளையாடும். பிடிச்சாச்சா?

— ம்.

— இழுக்கப் போறேன்.

— ம்.

— என்ன அண்ணாச்சி, வலது கையத் தூக்கிக்கிட்டு நிக்கீங்க? நான் ரெண்டு தடவ இழுத்தேனே!

— ஒரு தடவ.

— இல்லையே, ரெண்டு. அக்கா, நீங்க பாத்தீங்கல்லா?

— பாத்தேன். மொத இழுப்புலயே அவன் கை மேல போயிட்டு. ரெண்டாவது பொறவுதான் வந்துச்சு.

— பரவாயில்ல, பிள்ளைங்களும் முதல்ல இப்படித்தான் அவசரப்படும். இன்னொரு தடவ பாப்போம்.

— வேண்டாம்.

— அண்ணாச்சி, கயித்தை விட்டுருங்க. நான் உள்ள வந்துட்டேன். ஏன் இன்னும் கையத் தூக்கிக்கிட்டே நிக்கீங்க? உங்களுக்கு மேலுக்கு என்ன செய்யுது? அக்கா, கொஞ்சம் தண்ணி கொண்டாங்க.

— தண்ணி கெடக்கட்டும். ஏலே, என்னப் பாரு. அன்னைக்கி எத்தன இழுப்பு?

— அக்கா...

— எத்தன இழுப்புலே?

— ரெண்டு.

— விசாரிக்க வந்த ஆபீசர்கிட்ட எத்தனன்னு சொன்ன?

— ஒண்ணுன்னு சொன்னேன்.

— அண்ணாச்சி, உக்காருங்க முதல்ல. இந்த நாற்காலியில உக்காருங்க.

— உக்காரல. நின்னுக்கிட்டே சொல்லுதேன், இல்லன்னா சொல்ல மாட்டேன். டீச்சர், முத்துப் பார்ல எத்தன இழுப்புங்க கணக்கே கெடையாது. கயிறு அசைஞ்சாத் தூக்கணும், அவ்வளவுதான். கீழ இருக்கவனுக்கு ஒரு மூச்சுதான இருக்கு. நீ மேல நின்னு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டு இருந்தா அவன் செத்துருவான். எனக்குப் பன்னெண்டு வயசு, எங்கய்யா என் கையில கயித்தக் குடுத்தாவ. கயிறு அசைஞ்சு நான் தூக்குததுக்குள்ள கண்ணு சிமிட்டுத நேரம் சுணங்குனாலும் முதுகுல அடி விழும். புத்தி வாரதுக்கு முன்ன கை போயிரணும்னு சொல்லிச் சொல்லி அடிப்பாவ. கையும் அப்படியே பழகிட்டு. அம்பத்தஞ்சுல இருந்து அறுபத்தொண்ணு வரைக்கும் நடந்த முத்துக்குளிப்புச் சலாபத்துல எல்லாம் நான் நின்னேன். என் கயித்துல ஒரு ஆளுக்கு ஒண்ணு ஆனதில்ல. ‘கஸ்பாரு கையில குடுத்துட்டு நிம்மதியா எறங்கலாம்’னு தொறையில சொல்லுவாவ. எனக்கு அதுல பெரிய பெரும.

— பிறகு பாம்பன்ல?

— பாம்பன்ல எஞ்சினியரு வந்து சொன்னாரு, இங்க ரெண்டு சைக, ஒண்ணுன்னா இரும்பு, ரெண்டுன்னா ஆளுன்னு. சரி சார்னோம். அத்தான் என்னக் கூப்பிட்டு, ‘மாப்ள, இங்க மொத இழுப்பு வந்ததும் பொறுக்கணும், செத்த நேரம் பொறுத்து அடுத்தது வருதான்னு பாக்கணும்’னு சொன்னாவ. தெரியும் அத்தான்னேன். எட்டு கர்டர் தூக்கியாச்சு. எட்டும் ஒத்த இழுப்பு. நான் கையத் தூக்குனேன், விஞ்சுக்காரன் என் கையப் பாத்து ஓட்டுனான். ஒரு பிசகும் இல்ல. பக்கத்து மிதவையில காயல்பட்டினத்துச் சேகு நின்னான். அவன் ஒவ்வொரு இழுப்புக்கும் வாய்விட்டு ஒண்ணு... ரெண்டு... மூணு வரைக்கும் எண்ணிட்டுத்தான் கையத் தூக்குவான். நாங்க எல்லாரும் அவனப் பாத்துச் சிரிப்போம். நான்தான் எல்லாரையும் விடச் சத்தமாச் சிரிச்சவன்.

— ஒன்பதாவது கர்டரா?

— ஆமா. அத்தான் எறங்குனாவ. தண்ணி அன்னைக்கி ரொம்ப இழுத்துச்சு. வடம் பாதி போயிருக்கும் போல, கால் எங்கனயோ மாட்டிருக்கு. கயிறு அசைஞ்சுச்சு. என் கை போயிட்டு. நான் தூக்கல டீச்சர், அது போயிட்டு. தூக்குன கையோட நிக்கும்போது இந்தக் கையில ரெண்டாவது இழுப்பு வந்துச்சு. இந்தா, இந்த உள்ளங்கையில. நான் கத்துனேன். ‘நிறுத்துலே, நிறுத்துலே’ன்னு கத்துனேன். விஞ்சுச் சத்தத்துல எவனுக்குக் கேக்கும்? கர்டர் ஒரு முழம் எந்திரிச்சுட்டு அப்படியே வழுக்கிட்டு.

— அண்ணாச்சி...

— ஆபீசர் எல்லாரையும் வரிசையா நிறுத்திக் கேட்டாரு. எத்தன இழுப்புன்னாரு. அத்தான தோணியில படுக்க வச்சிருக்கு, அக்கா வயித்துல அமலி. நான் ஒண்ணுன்னேன். வாய்ல வந்துட்டு. ஒண்ணு வந்தப்பதான நான் கையத் தூக்குனேன், அதுவும் மெய்தானன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். அந்த ஆளு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. மறுநா கடுதாசி வந்துச்சு, குளியாளு தப்பு பண்ணிட்டான்னு. அதுக்கப்புறம் எப்படி நான் வாயத் தொறப்பேன்? அத்தானக் கொன்னதும் இல்லாம, செத்தவிய மேலயே பழியப் போட்டேன். என்னய விட ஈனப் பய இந்த ஊருல ஒருத்தன் இருக்க மாட்டான். இத நான் பங்குச் சாமிகிட்டகூடச் சொன்னதில்ல. பத்து வருசமாப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகல.

— சலேத்தக்கா, நீங்க இப்படி வந்து உக்காருங்க.

— எனக்குத் தெரியும் டீச்சர்.

— என்ன தெரியும்?

— அவிய ரெண்டு இழுத்தாவன்னு. அன்னைக்கே தெரியும்.

— அக்கா, என்ன சொல்லுத? உனக்கு எப்படித் தெரியும்?

— நானும் கூட வந்து, பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்டபம் ஊருல உங்களுக்குச் சமைச்சுப் போட்டுக்கிட்டுத்தான இருந்தேன்? வேல தொடங்குததுக்கு முந்தி ஞாயித்துக்கிழம, பூச முடிஞ்சு வந்து, என் கையில கயித்தக் கட்டிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்னு இழுத்து இழுத்துப் பழகுனாவ. நான் கஞ்சி காய்ச்சுதேன், அவிய இழுக்குதாவ. ‘இது என்ன சலேத்து?’ங்காவ. ‘இரும்பு’ங்கேன். ‘இது?’ங்காவ. ‘ஆளு’ங்கேன். எத்தன தடவ! ஒரு தடவகூடப் பிசகல. மறக்குத ஆளா அவிய?

— தெரிஞ்சு வச்சுக்கிட்டா எனக்குச் சோறு போட்ட? பத்து வருசமா ஞாயித்துக்கிழம தவறாம, மொதத் துண்டு மீன என் தட்டுல வச்ச? நீ எனக்கு வெசத்த வச்சிருக்கலாமேக்கா. ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னைக்கே உன் காலுல விழுந்திருப்பேனே. ஏன் கேக்கல?

— கேக்கல. அவ்வளவுதான்.

— அதான் ஏன்னு கேக்குதேன்.

— அழாதலே. கண்ணத் தொட. டீச்சர், நீங்க எழுதுங்க மொதல்ல. நாளைக்குக் குடுக்கணும்னீங்கள்லா.

— எழுதணுமா அக்கா? இது பிள்ளைங்க புத்தகம். நான் அந்தப் பக்கத்தையே எடுத்துடுறேன். அண்ணாச்சி கேட்ட மாதிரியே எடுத்துடுறேன். அமலிகிட்ட நீங்க மட்டும் சொன்னாப் போதும்.

— எடுக்காதீங்க டீச்சர். நான்தான சொல்லுதேன், எடுக்காதீங்க. வகுப்புல அத்தன பிள்ளைக முன்னால அவ எங்கப்பாவுக்கு மறதின்னு சொல்லிருக்கா. அதுக வாசிக்கணும். என் பேரோட போடுங்க. கஸ்பாருன்னு போடுங்க. அமலிகிட்ட இன்னைக்கே நான் சொல்லுவேன். கோயில்ல ஞானோபதேச வகுப்பு முடிஞ்சு வரட்டும், அவள உக்கார வச்சு நானே சொல்லுதேன். மாமான்னு கூப்பிடுவாளோ மாட்டாளோ, அது அவ இஷ்டம்.

— அப்ப இருங்க. யோசிச்சு எழுதுறேன். ...கேளுங்க. “சந்தியாகு மறக்கவில்லை. சரியாக இரண்டு முறை இழுத்தார். மேலே நின்ற கஸ்பாரின் கை முதல் இழுப்புக்கே எழுந்துவிட்டது. முத்துப் பாரில் பல பேரை உயிரோடு மேலே கொண்டுவந்த கை அது. அங்கே காத்திருப்பது தவறு. பாலத்தில் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருக்க அந்தக் கைக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. ஒருவர் இறந்துபோனார். பத்து வருடம் கழித்து, ‘தவறு என்னுடையது, அவருடையது அல்ல’ என்று கஸ்பார் தாமாகவே சொன்னார்.”

— தாமாகவேன்னு போடாதீங்க. கயித்தக் குடுத்து வாங்குனீங்க.

— சொன்னது நீங்கதான அண்ணாச்சி. இன்னும் இருக்கு, விளையாட்டையும் மாத்திட்டேன். “குழந்தைகளே, கயிற்றைப் பிடித்திருப்பவர் முதல் இழுப்பு வந்ததும் மூன்று வரை எண்ண வேண்டும். வாய்விட்டு எண்ண வேண்டும். யார் சிரித்தாலும் எண்ண வேண்டும்.”

— அது நல்லா இருக்கு. சேகு இதக் கேட்டாம்னா சந்தோசப்படுவான்.

— சலேத்தக்கா, உங்களுக்குச் சரியா? பேரு இருக்கு, மறதி இல்ல. மேல உள்ள பத்தி அப்படியே இருக்கட்டும், கயிற்றை மனைவியின் தம்பிதான் பிடிக்க வேண்டும், அது அவர்கள் வழக்கம்னு எழுதியிருக்கேன்ல, அது.

— அந்த வரிதான் டீச்சர் சரியில்ல.

— ஏன் அக்கா, வழக்கம் அதுதான?

— வழக்கம் அதுதான். ஆனா அன்னைக்கி வழக்கத்துனால அவன் புடிக்கல.

— அக்கா, என்ன சொல்லுத நீ? அத்தான்தான என்னக் கூப்பிட்டுக் கயித்தக் குடுத்தாவ?

— குடுத்தாவ. அந்த ஞாயித்துக்கிழம பழகி முடிச்சிட்டு, என் கையில கயித்த அவுத்துக்கிட்டே அவிய சொன்னாவ டீச்சர், ‘சலேத்து, கஸ்பாருக்குக் கை முந்துது, பார்ல அது நல்லது, இங்க ஆகாது, காயல்பட்டினத்துச் சேகு பழகும்போதே எண்ணி எண்ணித் தூக்குதான், அவன் கையில என் கயித்தக் குடுக்கட்டுமா?’ன்னு, ‘என் கூடப்பொறந்தவன் கல்லுமாதிரி இருக்கும்போது ஊரான் கையிலயா உங்க உசுரு’ன்னு கஞ்சிச் சட்டியத் தூக்கிப் போட்டுச் சண்ட புடிச்சு, அவிய வாய அடைச்சு, என் தம்பி கையில கயித்தக் குடுக்க வச்சது நான்தான், அதையும் எழுதிக்கோங்க.